நூற்றுக்குக் கீழே பாஸ்

உலகத்தில் எந்தப் பரீட்சையிலும் மார்க் அதிகம் வாங்கினவன் வீட்டில் சிரிப்பார்கள். ஒரே ஒரு பரீட்சையில் மட்டும் மார்க் ஏற ஏற வீட்டுக்காரர்கள் அழ வேண்டியிருக்கும். அந்தப் பரீட்சைக்குத் தாள் திருத்துகிறவளைப் பற்றியதுதான் இந்தக் கதை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இதயப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். தரை துடைக்கிற ஆளிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மார்க்கக்கா.

மாரடைப்போடு ஒருவர் வந்து படுத்தால், மறுநாள் காலையில் மார்க்கக்கா ஒரு பச்சைத் தாளை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போவாள். வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., நுரையீரலின் அடியில் கரகரப்பு உண்டா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க் என்று தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், அந்த ஆள் இன்னும் ஆறு மாதத்தில் இருப்பாரா போவாரா என்று ஓர் உத்தேசம் கிடைக்கும். நூற்றுக்குக் கீழே என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்கு. நூறு தொட்டுவிட்டால் ஏழு நாள், நெஞ்சில் ஒயர்களோடு, நர்ஸ் மேஜைக்கு எதிர்க் கட்டிலில். ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் அப்படிப்பட்டவரை வெளியே விட மாட்டார்கள்.

வீட்டுக்காரர்கள் வராந்தாவில் மறித்துக் கேட்பார்கள். "எவ்வளவு மார்க் சிஸ்டர்?" மார்க்கக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "பாஸ்." நூற்று அறுபது வாங்கினவர் மனைவியிடமும் அதையேதான் சொன்னாள். உண்மையைச் சொல்வது டாக்டர் வேலை, சம்பளம் அவருக்குத்தான் ஜாஸ்தி என்பது அவள் கட்சி.

அவளுக்கு இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பாள்: "எத்தனை தலையணை வெச்சுத் தூங்கறீங்க?" இதயம் ரத்தத்தை இறைக்கத் திணறினால் நுரையீரலில் நீர் கட்டும், நீர் கட்டினால் மட்டமாகப் படுக்க முடியாது, ஆள் தானாகவே தலையணை மேல் தலையணையாக ஏறிக்கொண்டே போவான். வாய் பொய் சொன்னாலும் தலையணை சொல்லாது என்பாள். இன்னொன்று, யாருடைய அடையாள அட்டை வயதையும் நம்ப மாட்டாள். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு வயது என்பது பள்ளிக்கூட வாசலில் பெற்றவர்கள் வாய்க்கு வந்தபடி சொன்னதுதான். அதனால் சுற்றி வளைத்துக் கேட்பாள். "உங்க கடைசித் தம்பிக்கு என்ன வயசு? அவர் பொறந்தப்ப நீங்க என்ன படிச்சீங்க?" இப்படிக் கேட்டே எத்தனையோ ஐம்பத்தைந்துகளை அறுபதாக்கி, ஏழு நாள் கட்டிலில் பிடித்துப் போட்டிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஆறு மாதம் முன்னால் வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் போன் செய்து, இருக்கிறாரா இல்லையா என்று தாளின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு முறை புதிதாக வந்த நர்ஸ், 'தெரிஞ்சவங்க சொன்னாங்க' என்று போன் செய்யாமலேயே 'இறந்தார்' என்று எழுதிவிட்டாள். செத்தவர் மறுவாரம் மாத்திரை வாங்க நேரில் வந்து நின்றார். அன்றைக்கு மார்க்கக்கா போட்ட சட்டம்: தெரிந்த ஆளாகவே இருந்தாலும் போன் செய்து வீட்டு மனுஷர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்பது பெரிய வேலையில்லை. ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் வந்தால் மீதியைச் சொல்லவே வேண்டாம்.

அப்படிப்பட்ட வார்டில் ஒரு புதன்கிழமை அவளுடைய அண்ணனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அண்ணன் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். முப்பது வருஷமாக அரை நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றி அனுப்புகிறவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, "பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பத்தாவது நாள் அது போகும். அப்படிப்பட்டவர் நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று சொல்லி ஷிப்டு முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டு போடும்போது விழுந்திருந்தார்.

"சொந்த அண்ணன். தாளை வேற யாராவது போடட்டுமே" என்றார் பெரிய டாக்டர்.

"நான் போட்டாத்தான் டாக்டர் எனக்கு நிம்மதி" என்றாள். அந்த நிம்மதிக்கு அவள் பின்னால் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலை பச்சைத் தாளோடு போனாள். அண்ணன் முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் வெளுக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்ததும், "உன் ஸ்க்ரூ டிரைவர் என்ன சொல்லுது பாப்பா?" என்றார். கரகரப்பு இல்லை. ஒரே தலையணை. எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, முதல் கட்டமான வயதுதான் பாக்கி. அவள் பேனாவை அங்கே கொண்டுபோனதும் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கார்டுல இருக்கறதையே போடு. இந்தத் தாள் லீவுக்காக ஆபீசுக்குப் போகும். அவங்க கணக்குல எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. உன் சாமர்த்தியத்தை எங்கிட்டயா காட்டப்போறே?"

"தாள்ல தப்பா எழுதக் கூடாதுண்ணா."

"நான் என்ன கொலையா பண்ணச் சொல்றேன்?"

அட்டையில் ஐம்பத்தேழு என்று இருந்தது. மார்க்கக்கா மனதுக்குள் அவளுடைய வழக்கமான கணக்கைப் போட்டாள். அண்ணன் அவளைவிட நாலு வயது மூத்தவர். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தூக்கிச் சுமந்த கதையை லட்சம் தடவை சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஐம்பத்தைந்து. அப்படியென்றால் அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது. அம்மா இரண்டு வயது குறைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை தாளில் ஒரே மார்க், நாற்பத்தொன்று. அறுபது தொட்டால்தான் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு போட்டாலும் ஐம்பத்தொன்பது போட்டாலும் கூட்டுத்தொகையில் ஒரு மயிரிழை வித்தியாசம் வராது. பொய்யும் சொன்ன மாதிரி, பாவமும் சேராத மாதிரி. இப்படி அமைவது அபூர்வம் என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மார்க்கக்கா அதற்குள் எழுதிவிட்டாள். அண்ணி பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு மார்க்?" என்று அப்புறம் வராந்தாவில் கேட்டாள்.

மற்றவர்களுக்குச் சொல்லாத எண்ணை அண்ணிக்குச் சொன்னாள் மார்க்கக்கா. "தொண்ணூத்தி நாலு அண்ணி. நூத்துக்குக் கீழ. நிஜமாவே பாஸ்."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்றாள்.

மூன்றாம் நாள் அண்ணன் தானே நடந்து லிப்டுக்குப் போனார். அவர் படுத்திருந்த கட்டிலில் மத்தியானமே வேறொருவர் வந்து படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. படியேறி வந்த அவளுக்கே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அண்ணன் இந்தப் படிகளை எப்படி ஏறினார் என்று கேட்டாள். "நின்னு நின்னுதான். ஒவ்வொரு திருப்பத்துலயும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசற மாதிரி நின்னாரு" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள் அண்ணி.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில், பனியன் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் சிரிப்பு இருந்தது. ஆனால் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார். நடுவில் எங்கேயோ படியேறிவிட்டு வருகிறவர் மாதிரி ஒரு நிறுத்தம். மார்க்கக்காவுக்கு அந்த நிறுத்தம் நன்றாகத் தெரியும். அவள் குனிந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எத்தனை தலையணைண்ணா?"

"ஒண்ணுதான்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் சுவரோடு ஒட்டி மூன்று தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்தது சோபாவுக்குப் போடுகிறது. மூன்றிலும் முதுகு அழுந்தின பள்ளம்.

"பொய் சொல்ற வயசா உனக்கு? நாளைக்கு உன்னைத் திரும்ப அட்மிட் பண்றேன்."

"நீயே பாஸ் போட்டுட்டு... நீயே பெயிலாக்கறியா பாப்பா?"

"பாப்பாவாம். அம்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்கி, மறுபடி சிரிப்பானது. "யாருகிட்ட விடறே? அம்பத்தேழு உனக்கு."

"என்ன உளர்றே?"

"அட, நிஜமாவே தெரியாதா? ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி. ஊரார் வயசையெல்லாம் தோண்டித் தோண்டி எடுக்கறே, உன் வயசு உனக்குத் தெரியாதா?" அவருக்குச் சொல்வதில் அவ்வளவு குஷி. மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அப்பாவை ஊர் ஊரா மாத்தினதுல... நம்ம ரெண்டு பேரையும் எங்கயும் ஸ்கூல்ல போடல. கடைசியில ஒரே நாள்ல கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. ஹெட்மாஸ்டர், பொண்ணுக்கு ஏழு வயசாச்சேம்மா, ஒண்ணாங் கிளாஸ்ல எப்படி உட்கார வெக்கறதுன்னாரு. அம்மா கண்ணே சிமிட்டல. ஏழு இல்லீங்க, அஞ்சுன்னுட்டாங்க. அதே மூச்சுல என்னைப் பதினொண்ணுலேர்ந்து... ஏழாக்கி மூணாங் கிளாஸ்ல சேர்த்துட்டாங்க. நான் குள்ளம், ஒருத்தனும் கண்டுபிடிக்கல. வர்ற வழியெல்லாம் நீ, நான் அஞ்சு, நான் அஞ்சுன்னு குதிச்சுக்கிட்டே வந்தே. அப்படியே நம்பிட்டே போல!"

அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

மார்க்கக்கா மனதுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். அவளுக்கு ஐம்பத்தேழு என்றால் அண்ணனுக்கு நாலு கூட்டி அறுபத்தொன்று. அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு மார்க். அவள் போட்டது நாற்பத்தொன்று. பதினேழு குறைகிறது. தொண்ணூற்று நாலும் பதினேழும் நூற்றுப் பதினொன்று.

நூற்றுப் பதினொன்று என்றால் ஏழு நாள். இந்த நேரத்துக்கு அண்ணன் நெஞ்சில் ஒயர்களோடு மேஜைக்கு எதிரே படுத்திருக்க வேண்டும். கால் வீங்கத் தொடங்கும்போதே யாராவது பார்த்திருப்பார்கள். கம்பி விட்டு எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி வந்து, சோபாத் தலையணையில் சாய்ந்துகொண்டு, அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார். அனுப்பி வைத்தவள் அவள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாக ஊரார் வயதைச் சந்தேகப்பட்டவள், தன் வயதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

நாற்காலிக்குப் பின்னால் போய் அண்ணன் முதுகில் வெறும் காதை வைத்தாள். தலைமயிரை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வருமே, அந்தக் கரகரப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் கேட்டது.

"பேரிங் எப்படி?" என்றார் அண்ணன்.

"எழுந்திருண்ணா. இப்பவே போகணும்."

"நாளைக்குன்னே?"

"இப்பவே." அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கேட்கக் கூடாத சத்தத்தை மோட்டாரில் கேட்டுவிட்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் அப்படித்தான் மாறியது.

"சரி பாப்பா. சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன். பனியனோட உன் ஆஸ்பத்திரிக்கு வந்தா... உனக்குத்தான் மானக்கேடு."

அவர் உள்ளே போனார். அவள் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். விலாசத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வார்டுக்குச் செய்தாள். எதிர்க் கட்டிலைக் காலி செய்யச் சொன்னாள், யாருக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்தாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

"அண்ணா?"

ஒரு சட்டை போட எவ்வளவு நேரமாகும்? அவள் உள்ளே போனபோது அண்ணன் கட்டிலில், மூன்று தலையணைகளிலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது. இன்னொரு கை மடியில் இருந்தது. அவள் அவரைத் தரையில் இழுத்துப் போட்டு நெஞ்சை அழுத்தினாள். வார்டில் எத்தனையோ பேருக்கு எண்ணி எண்ணி அழுத்தினவள், முதல் தடவையாக எண்ணத் தெரியாமல் அழுத்தினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளைத் தோளைப் பிடித்துத் தூக்குகிற வரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் துக்கம் கேட்க வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர். "தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். ஒரு இடத்துலயும் தப்பு இல்ல. எந்தக் கணக்குலயும் நூத்துக்கு ரெண்டு பேர் நழுவிப் போயிடறாங்க. உங்க மேல எந்தக் குற்றமும் இல்ல, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள். இறப்புச் சான்றிதழிலும் ஐம்பத்தேழு என்றே போட்டார்கள். செத்த பிறகும் அண்ணன் நாலு வயது சின்னவராகவே இருந்தார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். தினமும் பச்சைத் தாளோடு கட்டில் கட்டிலாகப் போனாள். வயதுக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் பேனா நிற்கும். யாரிடமும் சுற்றி வளைத்துக் கேட்பதை விட்டுவிட்டாள். தாளைச் சீர்படுத்த வேண்டும், நூறு என்ற எல்லையை இன்னும் கீழே இறக்கலாமா என்று பெரிய டாக்டர் பேச ஆரம்பித்திருந்தார். தொண்ணூற்று நாலு வாங்கியும் செத்துப்போன ஒரு கேஸ் அவரை உறுத்தியது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மார்க்கக்கா எழுந்து போய் ஏதாவது ஊசி மருந்தை எண்ணுவாள்.

ஆறு மாதம் கழிந்தது. முதல் திங்கட்கிழமை வந்தது. பட்டியலில் பதினேழு பேர். அண்ணன் பதினோராவது. பத்துப் பேருக்குப் போன் செய்து முடித்தாள். எட்டுப் பேர் இருந்தார்கள். பதினோராவது தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். தெரிந்த ஆளாகவே இருந்தாலும் போன் செய்து கேட்டுத்தான் எழுத வேண்டும். சட்டம் போட்டவள் அவளேதான்.

அண்ணி எடுத்தாள். "சொல்லு."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்" என்றாள் மார்க்கக்கா. எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான் முதலில் வாயில் வந்தது. "ஆறு மாசம் முன்னாடி எங்ககிட்ட சிகிச்சை எடுத்தவர் எப்படி இருக்கார்னு கேட்கணும்."

அந்த மௌனம் வந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணி, அன்னைக்கு நான் போட்ட மார்க் தப்பு. அவருக்கு அறுபத்தொண்ணு. என் வயசை வெச்சுக் கணக்குப் போட்டேன், என் வயசே பொய். சரியா போட்டிருந்தா நூத்திப் பதினொண்ணு. வீட்டுக்கே விட்டிருக்க மாட்டாங்க. ஆறு மாசமா உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இதைச் சொல்லாம இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் அண்ணி மூச்சு விடுவது கேட்டது. கத்துவாள், திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று மார்க்கக்கா காத்திருந்தாள். அதில் எது நடந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அறுபத்தொண்ணுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "கல்யாணமான வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. அன்னைக்கு கட்டில்கிட்ட நின்னேனே, நீ அம்பத்தேழுன்னு எழுதினதைப் பார்த்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தனை வருஷம் இதே வேலையைப் பார்க்கறவ, கூடப் பொறந்தவ, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப்போகுதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. ஒருத்தி அழுகிறாளா இல்லையா என்று மற்றவளுக்குத் தெரியவில்லை. வார்டில் யாருடைய மானிட்டரோ விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கையால் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, மார்க்கக்கா மறு கையால் ஐம்பத்தேழை அடித்து அறுபத்தொன்று என்று எழுதினாள். தொண்ணூற்று நாலை அடித்து நூற்றுப் பதினொன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டத்தில் 'இறந்தார், ஐந்தாம் நாள்' என்று எழுதினாள். தகவல் தந்தவர் என்று கேட்டிருந்த இடத்தில் எப்போதும் ஓர் உறவைத்தான் எழுதுவாள். அன்று மனைவி, தங்கை என்று இரண்டு எழுதினாள்.

"லைன்ல இருக்கியா?" என்றாள் அண்ணி.

"இருக்கேன் அண்ணி. டாக்டர் ரூமுக்குப் போறேன். வைக்காதீங்க."

தாளை எடுத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வராந்தாவில் நடந்தாள். புதிதாக வந்து படுத்திருந்த ஒருவரின் மனைவி அவளை மறித்தாள். "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு மார்க்?"

மார்க்கக்கா நின்றாள். "இன்னும் போடலைம்மா" என்றாள். "அவருக்கு நிஜமா என்ன வயசுன்னு யோசிச்சு வைங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ, அதைச் சொல்லுங்க. நான் சொல்றதை நம்பாதீங்க."